லட்சுமிக்குப் பின்னால் ஒரு கபரகொய்யா

“வெள்ளவத்தையில எங்க பிள்ளை இயற்கை கிடக்கு?” என்று சித்திர ரீச்சர் கேட்டார்.

சித்திரப் போட்டிக்குத் தலைப்பு ‘என் வீட்டைச் சுற்றியுள்ள இயற்கை’ என்று வந்திருந்தது. வகுப்பில் எல்லோரும் இரண்டு மலை, நடுவில் அரைச் சூரியன், கீழே ஒரு ஆறு, ஆற்றங்கரையில் ஓலைக் குடிசை என்று தொடங்கிவிட்டார்கள். பம்பலப்பிட்டியில் மாடி வீட்டில் இருந்த பிள்ளைகூடக் குடிசைதான் வரைந்தாள். நான் எழுந்து நின்று, எங்கள் கால்வாயில் திரியும் பெரிய உடும்பை, கபரகொய்யாவை, வரையப்போகிறேன் என்றேன். அதற்குத்தான் ரீச்சர் அப்படிக் கேட்டார். பிறகு என் அப்பா மலைநாட்டிலிருந்து வந்தவர் என்பது அவருக்கு ஞாபகம் வந்தது. “நீர் தேயிலைத் தோட்டத்தைக் கீறலாமே, உமக்குத் தெரியும்தானே” என்றார். எனக்குத் தெரியாது. நான் கொழும்பில் பிறந்தவள். தேயிலையை நான் கண்டதெல்லாம் அப்பா வேலை செய்த கடையின் தேநீர் வடிக்கும் பையில்தான்.

அது காலி வீதியில் இருந்த ஒரு சைவக் கடை. அப்பா அங்கே வடை மாஸ்டர். அம்மா நாங்கள் குடியிருந்த வீட்டிலேயே சமையலும் துப்புரவும் செய்தார். வீட்டுக்காரர்கள் முன்னால், நாங்கள் பின்னால், ஒற்றை அறையில். கையெழுத்துப் போடவேண்டிய இடத்தில் அப்பாவும் அம்மாவும் பெருவிரலை நீட்டுகிறவர்கள். எங்கள் இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் பள்ளிக்கூடத்துக்குள் போய் உட்கார்ந்த முதல் ஆள் நான். அந்த வயதிலேயே தலை கொஞ்சம் கனத்துத்தான் இருந்தது. இப்போதும் பெரிதாகக் குறையவில்லை.

அறைக்குப் பின்னால் ஒரு சிறு முற்றம், ஒரு தண்ணீர்க் குழாய், இடுப்பளவு மதில். மதிலுக்கு அப்பால் கால்வாய். அதன் தண்ணீர் ஒரு நாள் கறுப்பு, ஒரு நாள் பச்சை, மழை பெய்தால் பால் தேநீர் நிறம். அதில் என்னென்னவோ மிதந்து வரும். மிதந்து வருவதன் மேல் கொக்கு நின்றுகொண்டு வரும். நான் ஒரு இடத்தில் நிற்காத பிள்ளை. சோற்றுக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு நடந்து நடந்து சாப்பிடுவேன். படிக்கும்போது கால் ஆடும். காலைப் பிரார்த்தனையில் எனக்கு முன்னால் நிற்பவளின் பின்னலை அவிழ்ப்பேன். “இவளுக்கு உள்ளங்கால்ல சக்கரம் வச்சுப் பொறந்திருக்கு” என்பார் அம்மா. ஆனால் மதிலில் ஒரு மீன்கொத்தி வந்து உட்கார்ந்துவிட்டால் எனக்கு மூச்சுக்கூட அசையாது.

அம்மா குழாயடியில் மீன் வெட்டும் நேரம் பார்த்து மதில் ஓட்டைக்குள்ளால் கபரகொய்யா வரும். என் உயரத்தைவிட நீளமான உடும்பு அது. கல்யாண வீட்டுக்குப் பிந்தி வந்த பெரிய மனிதரைப் போல, ஒருவரையும் பார்க்காமல், தோளை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்து நடந்து வந்து, நாக்கால் காற்றைத் தொட்டுப் பார்க்கும். அம்மா “சீ, போ சனியனே” என்று தண்ணீரை வீசுவார். பிறகு மீன் குடலை எட்ட எறிவார். வீட்டுக்கார அன்ரி அதைக் கண்டால் கதவைச் சாத்திக்கொண்டு விபூதி பூசப் போய்விடுவார். எனக்கோ அதன் முதுகின் மேல்தான் கண். கறுப்பில் மஞ்சள் புள்ளிகள், வளையம் வளையமாக, வாலை நோக்கிப் போகப் போகப் பட்டைகளாக மாறும். காலி வீதியின் எந்தப் புடவைக் கடையிலும் அப்படி ஒரு கரை தொங்கவில்லை.

அப்பா கடையிலிருந்து பழைய கலண்டர் தாள்களைக் கொண்டுவந்து தருவார். முன்பக்கம் சாமி, பின்பக்கம் வெள்ளை. அடுப்புக் கரியும் அங்கிருந்துதான் வரும். மஞ்சள் நிறத்துக்கு அம்மாவின் மஞ்சள்தூளைத் தண்ணீரில் குழைத்துக்கொள்வேன். போட்டிக்கென்று நான் எடுத்துவைத்த தாள் மகாலட்சுமி. செந்தாமரையில் நிற்கிறாள், இரண்டு பக்கமும் யானை. அவளுக்குப் பின்னால் என் கபரகொய்யா, மீன் தலையை விழுங்கும் கோலத்தில்.

“சாமி முதுகுல போயி இந்தப் பிராணிய எழுதி வச்சிருக்கியே, கண்ணு அவிஞ்சு போயிராதா?” என்றார் அம்மா.

“சாமி அந்தப் பக்கம்தானே பாக்குது” என்றேன்.

அப்பா சிரித்துவிட்டார். அவர் அதிகம் கதைக்காதவர். அவர் என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னது ஒரே ஒரு விடயத்தைப் பற்றித்தான். அது பாலம். வெள்ளவத்தையிலிருந்து பம்பலப்பிட்டிப் பாடசாலைக்குப் போக அந்தக் கால்வாய்ப் பாலத்தைக் கடக்கவேண்டும். பாலத்தின் தலைப்பில் மணல் மூட்டை அடுக்கிய இராணுவக் காவலரண் இருந்தது. நாங்கள் சென்றி என்போம். “பாலத்துல ஓடாத. நிக்காத. எட்டிப் பாக்காத. கை ரெண்டும் தெரியிற மாதிரி வச்சுக்கிட்டு மெதுவா நடந்து போ” என்பார். அவரும் அப்படித்தான் போவார். மடித்துக் கட்டிய சாறத்தைக் கீழே இறக்கிவிட்டு, கைகளைத் தொங்கப்போட்டு, ஏதோ யோசித்துக்கொண்டு போகிறவர் போல. எனக்கு அது தண்டனையாக இருந்தது. கால்வாய் கடலோடு சேரும் இடம் அந்தப் பாலத்திலிருந்துதான் தெரியும். தினமும் இரண்டு தரம் அதன் மேலால் போயும் நான் அதை ஒழுங்காகப் பார்த்ததில்லை.

படத்தில் மஞ்சள் காயட்டும் என்று கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டிருந்தேன். மறுநாள் விடியக்காலை இராணுவத்தினர் எங்கள் ஒழுங்கையைச் சுற்றிவளைத்தார்கள். அந்த நாட்களில் அது புதிதில்லை. எங்கேயாவது குண்டு வெடித்தால் அடுத்தடுத்த காலைகளில் சப்பாத்துச் சத்தத்தில்தான் விழிப்போம். அடையாள அட்டைகளை வாங்கிப் பார்த்தார்கள், பொலிஸ் பதிவைக் கேட்டார்கள், பாயைப் புரட்டினார்கள். மீசை சரியாக முளைக்காத ஒரு சிப்பாய் கொடியில் இருந்த தாளைக் கழற்றினான். இந்தப் பக்கம் பார்த்தான், அந்தப் பக்கம் பார்த்தான். பிறகு சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போய்விட்டான்.

அவர்கள் ஒழுங்கையைத் தாண்டும்வரை ஒருவரும் வாய் திறக்கவில்லை. அதற்குப் பிறகு எல்லோரும் சேர்ந்து திறந்தார்கள்.

“அதில கால்வாய் கிடக்குதெல்லோ. மதில் கிடக்கு. வழி காட்டிற படம் எண்டு நினைச்சுத்தான் கொண்டுபோறான்” என்றார் அன்ரி. “உங்கட பெட்டையால எனக்கு ஒரு நாளைக்கு விசாரணைதான். உங்களை வீட்டில வச்சிருக்கிறன் எண்டு பொலிசில சொன்னது நான்.”

“அதெல்லாம் இருக்காதுங்கம்மா” என்றார் அம்மா. “மகாலெச்சுமி படம்ல? அதுக்காகத்தான் எடுத்துக்கிட்டுப் போயிருப்பான். அவங்களும் கும்புடுறவங்கதானே.”

அப்பா என் மற்றப் படங்களை எல்லாம் ஒரு பையில் போட்டு, கடையில் பத்திரமாக இருக்கட்டும் என்று எடுத்துக்கொண்டு போனார். அன்றைய வடை என் கொக்குகளின் மேலும் மீன்கொத்திகளின் மேலும் வெந்தது என்பதைக் கனகாலம் கழித்துத்தான் அறிந்தேன்.

எனக்கு அன்ரி சொன்னது காதில் விழவே இல்லை. அம்மா சொன்னதுதான் முள்ளாகத் தைத்தது. மகாலட்சுமிக்காகவாம்! இரண்டு பக்கமும் பார்த்தவன், என் கபரகொய்யாவைப் பார்த்த பிறகும், அச்சடித்த யானைக்காகவா எடுத்துக்கொண்டு போவான்? படத்தைக் கொடுக்கவேண்டிய நாள் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. வகுப்பில் இருப்புக்கொள்ளவில்லை. விரலில் ஒட்டியிருந்த மஞ்சளை மணந்துகொண்டே இருந்தேன்.

பாடசாலை விட்டு வரும்போது, எட்டிப் பார்க்கக்கூடாத இடத்தில் எட்டிப் பார்த்தேன். சென்றிக்குள், மணல் மூட்டையில், கம்பித்துண்டு குத்தித் தொங்கிக்கொண்டிருந்தாள் மகாலட்சுமி. முகம் வெளியே. யானைகள் வெளியே. என் கபரகொய்யா மணல் மூட்டையோடு முகத்தை வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தது.

என்னோடு வந்த வகுப்புப் பிள்ளை என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். “வாடி, பாக்கிறாங்கள்” என்றாள். நான் கையை உதறிவிட்டு நேரே உள்ளே போனேன்.

“அய்யே” என்றேன், அண்ணா என்பதற்கு. என் சிங்களம் பாண் கடையிலும் பஸ்ஸிலும் பொறுக்கியது. “ஏக மகே.” அது என்னுடையது.

அவன்தான். காலையில் வந்த அதே மீசை. அவனுக்குச் சிரிப்பு வந்தது. தேவி யாருக்கும் சொந்தமில்லை, நங்கி, என்றான். தங்கச்சி என்று கூப்பிட்டால் நான் இளகிவிடுவேன் என்று நினைத்தான் போல.

தேவியை நீயே வைத்துக்கொள், எனக்குப் பின்பக்கம்தான் வேண்டும் என்றேன். சொல் தெரியாத இடத்தில் உள்ளங்கையைத் திருப்பிக் காட்டினேன். அவன் தாளைக் கழற்றித் திருப்பினான். மணல் ஒட்டியிருந்த கபரகொய்யாவைத் தட்டிவிட்டு, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். காலையில் அதை அவன் அவசரத்தில் பார்த்திருக்கவேண்டும். இப்போது புருவத்தைத் தூக்கி, பக்கத்தில் நின்றவனைக் கூப்பிட்டுக் காட்டினான். நாக்கைப் பார், நாக்கைப் பார் என்றான். எங்கள் ஊர்க் குளத்தில் இதைவிடப் பெரிது இருக்கிறது என்றான் மற்றவன். இல்லை, இதுதான் பெரிது என்றேன் நான்.

பிறகுதான் சிக்கலை மூவரும் உணர்ந்தோம். தாள் ஒன்று. ஒரு பக்கம் அவனுக்கு வேண்டும், மறு பக்கம் எனக்கு வேண்டும். காவலுக்கு நிற்கும் இடத்தில் தேவி இல்லாமல் இரவு கழிக்க அவன் தயாராக இல்லை. அம்மா சொன்னது சரிதான் என்பதை அந்த நிமிடத்தில் நான் ஒப்புக்கொள்ளவேண்டியிருந்தது. மற்றவன் ஒரு வழி சொன்னான்: தாளை அவர்கள் வைத்துக்கொள்வது, நான் இன்னொன்று வரைவது. கபரகொய்யா இப்போது இங்கே இல்லையே, பார்க்காமல் எப்படி வரைவது என்று கேட்டேன். இல்லையா, என்று சொல்லி மணல் மூட்டைகளுக்கு நடுவில் இருந்த துவாரத்தைக் காட்டினான். துவக்கை நீட்டி வைக்கிற துவாரம்.

நான் எம்பிப் பார்த்தேன்.

முழுக் கால்வாயும் அதற்குள் இருந்தது. ரயில் பாலத்துக்குக் கீழால் போய்க் கடலில் வெள்ளையாகக் கலங்கும் இடம், தாழம் புதர், புதருக்குக் கீழே சேற்றில் என் கபரகொய்யாவின் உறவுக்காரர்கள், வரிசையாகக் கொக்குகள். நடுத் தண்ணீரில் ஒரு உடைந்த மரக்குற்றி. அதன் உச்சியில் ஒரு நீர்க்காகம். அது இரண்டு சிறகையும் முழுதாக விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றது. பறக்கவில்லை, அசையவில்லை. சிறகின் நுனிகளிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நீருக்குள் மூழ்கி எழுந்தால் நீர்க்காகம் அப்படித்தான் காயவேண்டும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. ஒரு பறவை ஏன் பறக்காமல் சிறகை விரித்துப் பிடிக்கவேண்டும் என்பதே என் யோசனையாக இருந்தது.

அப்போது வெளியே யாரோ கத்தினார்கள். பிறகு எல்லோரும் கத்தினார்கள். மீசை முளைக்காதவன் துவக்கை எடுத்துக்கொண்டு பாய்ந்தான்.

என் வகுப்புப் பிள்ளை நேரே கடைக்குப் போய், “மாஸ்டர், உங்கட மகள் சென்றிக்குள்ள நிக்கிறாள்” என்று சொல்லியிருக்கிறாள். அப்பா உழுந்து மாவில் இருந்த கையைக் கழுவவில்லை. செருப்பையும் போடவில்லை. காலி வீதியின் நடுவால், சாறத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, பாலத்தை நோக்கி ஓடி வந்துகொண்டிருந்தார். இரண்டு கையும் மணிக்கட்டு வரைக்கும் வெள்ளை.

மூன்று துவக்குகள் அவரைப் பார்த்துத் திரும்பியபோது நின்றார். கையை விரி என்று கத்தினார்கள். விரித்தார்.

பஸ்கள் நின்றன. ஒருவன் பின்னால் போய் அவரைத் தடவிப் பார்த்தான். இன்னொருவன் கையிலிருந்த வெள்ளையைக் காட்டி அது என்ன என்று கேட்டான். “உழுந்து வடே, சேர்” என்றார் அப்பா. திரும்பவும் சொன்னார். யாரோ சிரித்தார்கள். அவருடைய விரல் நுனிகளிலிருந்து மா சொட்டுச் சொட்டாகத் தாரில் விழுந்தது.

நான் சென்றி வாசலில் நின்றேன். தலையை இடப்பக்கம் திருப்பினால் துவாரத்துக்குள் நீர்க்காகம். வலப்பக்கம் திருப்பினால் அப்பா. அதே விரிப்பு. கழுத்தை ஒரு பக்கம் சாய்த்திருந்த விதம்கூட அதுவேதான். நுனிகளில் சொட்டுகிறதும் அதுவே. அவ்வளவு நாள் மதில் மேல் உட்கார்ந்து நான் தேடிய ஏதோ ஒன்று இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் வந்து நின்றதுபோல இருந்தது. சந்தோஷத்தில் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

“அப்பா!” என்று கத்தினேன். “அப்படியே நில்லுங்க! கொஞ்ச நேரம் அப்படியே நில்லுங்க!”

என்ன சொல்கிறாள் என்று சிப்பாய் கேட்டான். யாரும் மொழிபெயர்க்கவில்லை. கையை இறக்கலாம் என்று அவன் அப்பாவிடம் சொன்னான். அப்பா இறக்கவில்லை. இன்னொரு தரம் சொன்னான். அதற்குப் பிறகும் அப்பா கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். நான் பார்த்து முடித்தேன்.

உன் மகளா, இந்தா இதைக் கொண்டுபோ, என்று மீசை முளைக்காதவன் கடைசியில் தாளை நீட்டினான். அப்பா மாக் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். வேண்டாம் சேர், நீங்களே வைத்திருங்கள், நல்ல படம், என்று தனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னார். நல்ல படம் என்று அவர் சொன்னது எந்தப் பக்கத்தை என்று எனக்குத் தெரியவில்லை. என்னுடையதைத் தூக்கிக் கொடுக்க இவர் யார் என்ற கோபத்தில் வீடு வரைக்கும் அவரோடு கதைக்கவில்லை. அவரும் என் கையைப் பிடிக்கவில்லை. பிடித்திருந்தால் மா ஒட்டியிருக்கும்.

வாசலில் அம்மா அழுதுகொண்டு நின்றார். அன்ரி ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து அப்பாவின் கையில் ஊற்றினார். அன்றைக்கு அவர் எங்களை ஏசவே இல்லை. அதுவும் எனக்கு வியப்பாக இருந்தது.

இரண்டு நாளில் புதிய படத்தை முடித்தேன். குற்றியின் மேல் நீர்க்காகம், தாரின் மேல் அப்பா. கரி மட்டும். மா சொட்டும் இடங்களைத் தாளின் வெள்ளையாகவே விட்டேன். அதுவரை நான் வரைந்ததிலேயே நல்ல படம் அது. இப்போது நினைத்தாலும் அந்தக் கோடுகளில் எதையும் மாற்றத் தோன்றாது.

“இது ஆர்?” என்று கேட்டார் சித்திர ரீச்சர்.

“எங்கட அப்பா.”

ரீச்சர் வகுப்பு வாசலைப் பார்த்தார். படத்தை நாலாக மடித்துத் தன் கைப்பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தார். “பிள்ளை, நீர் அந்த மலையையே கீறித் தாரும்” என்றார், குரலைத் தாழ்த்தி. இவருக்குச் சித்திரமே தெரியாது என்று முடிவுகட்டிக்கொண்டு, இரண்டு மலையும் நடுவில் அரைச் சூரியனும் வரைந்து கொடுத்தேன். ஆறுதல் பரிசாக ஒரு பென்சில் பெட்டி கிடைத்தது. அம்மா அதைச் சாமி தட்டில் வைத்துவிட்டார்.

அந்தக் கைப்பையோடு ரீச்சரும் அன்றைக்கு அதே பாலத்தால்தான் வீடு போயிருப்பார். பைகளைத் திறந்து காட்டச் சொல்லும் நாட்கள் அவை. அது எனக்கு உறைக்கப் பல வருடங்கள் பிடித்தன. பாலத்தில் ஓடக்கூடாது என்று எனக்குச் சொல்லித்தந்த மனிதர் ஓடி வந்தார் என்பது இன்னும் பிந்தித்தான் உறைத்தது. அன்று நான் கண்டது ஒரு வடிவத்தை மட்டுமே. கையை இறக்கலாம் என்று சொன்ன பிறகும் அவர் இறக்காமல் நின்றது துவக்கை நம்பாமலா, மகள் நிற்கச் சொன்னாள் என்றா? இதுவரை அவரிடம் கேட்கவில்லை.

சித்திரம் படித்து முடித்தேன். கொக்கும் கபரகொய்யாவும் வரைகிற பெண் என்று என்னைச் சிலருக்குத் தெரியும். மனிதர்களை வரைவதில்லையா என்று கேட்டால் வரைவதில்லை என்பேன். போன கிழமை, அப்பா கடையிலிருந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தபோது, தையல்காரரின் அளவு நாடாவோடு அவர் முன்னால் போய் நின்றேன். கையை விரிக்கச் சொன்னேன்.

“என்னா புள்ள, செக்கிங்கா?” என்றார் அப்பா.

“ஓம். அசையாதீங்க.”

விரித்தார். மாக் குழைத்துக் குழைத்து வலது தோள் இப்போது முழுதாக எழுவதில்லை. அந்தக் கை சற்றுச் சரிந்தே நின்றது. விரல் நுனியிலிருந்து விரல் நுனி வரை அளந்தேன். அடுத்த நாளே அந்த அகலத்துக்கு ஒரு சட்டம் செய்வித்துத் துணியை இழுத்து அடித்துவிட்டேன். கரியால் முதல் கோடும் போட்டாகிவிட்டது. சரிந்த கையிலிருந்து தொடங்கியிருக்கிறேன்.